வினாடிக்கு முப்பத்தாறரை மீட்டர்

ஃபஹீமாவுக்கு வயது நாற்பத்தாறு. சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் டிசைன் ஆபீஸில் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. ஆலைகளுக்கு வேண்டிய பெரிய பெரிய இரும்புக் கலன்களை அவளுடைய கம்பெனி செய்து கொடுக்கிறது. அங்கே எல்லோருக்கும் அது வெசல்தான். வரைவதும் கணக்குப் போடுவதும் சரவணம்பட்டியில். தகட்டை வளைத்து வெல்டிங் வைப்பதெல்லாம் மதுக்கரை ரோட்டில் இருக்கும் பட்டறையில். படத்தின் கீழ் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் பத்தொன்பது வருடமாக அவள் கையெழுத்துதான்.

அவள் சரிபார்க்கும் பல கணக்குகளில் ஒன்று, வெசலை விட்டு ஆவி வெளியேறும் வேகம். கேட்பதற்குச் சின்ன விஷயம். கொதிக்கும் சாயத்தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பும்போது துளித்துளியாகத் தண்ணீரும் கூடவே மேலே வரும். ஆவி நிதானமாகப் போனால் துளிகள் கனம் தாங்காமல் கீழே விழுந்துவிடும். மேலே உள்ள வாய் குறுகலாக இருந்தால் ஆவி அந்த இடத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும், பக்கத்தில் இருக்கிற துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வாயின் அளவைத் தீர்மானிக்கும் முன் வேகத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். வினாடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் கம்பெனி தனக்குத் தானே வைத்துக்கொண்ட எல்லை.

அந்த ஆவணி மாதம் அவள் ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். கணவர் பஷீர் கோட்டைமேட்டில் தராசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பரண்மேல் இருந்த பழைய மேடைத் தராசு ஒன்றை இறக்கப் போய், ஏணியோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் கட்டிலோடு. ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள், பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் ஃபஹீமாதான். காலையில் அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, மத்தியானச் சோறு வரை எடுத்து வைத்துவிட்டு, கரும்புக்கடையிலிருந்து ஒரு பஸ், காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதே ஒரு நாள் வேலை முடிந்துபோன மாதிரி உடம்பு கனக்கும்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூர் வேலை வந்தது. பன்னிரண்டு சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்தும் கழிவுநீர் நிலையம் ஒன்றுக்கு, உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியைப் பிரிக்கும் வெசல். பிரிந்த ஆவி ஒரு கம்ப்ரஸருக்குப் போய், அங்கிருந்து குளிர்ந்து நல்ல தண்ணீராகி, மறுபடியும் சாயப்பட்டறைக்கே திரும்பும். மணிக்கு ஆறாயிரம் கிலோ ஆவி. திருப்பூர்க்காரர்கள் தங்கள் விவரத் தாளை மூன்று முறை திருத்தி அனுப்பினார்கள். முதல் இரண்டையும் அவள் வரிவரியாகப் பார்த்தாள். மூன்றாவது வந்த அன்று தாளைத் திறந்தாள். ஆறாயிரம் கிலோ அப்படியேதான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அறுநூறு மில்லிமீட்டர் அகல வாயோடு படம் பட்டறைக்குப் போனது.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கம்ப்ரஸர் செய்கிறவர்கள் ஒரு சாதாரண மெயில் அனுப்பியிருந்தார்கள். ஆவி எந்த அழுத்தத்தில் தங்களிடம் வந்து சேரும் என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதுவதற்காக அவள் மூன்றாவது தாளைத் திறந்தாள். அழுத்தம் 0.25 பார் என்று இருந்தது. தன் கணக்கைத் திறந்தாள். அதில் 0.4.

சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கட்டம் மாறியிருந்தது. கிலோ மாறவில்லை என்பதால் எதுவுமே மாறவில்லை என்று அன்றைக்கு நினைத்துவிட்டாள். ஆனால் அழுத்தம் குறைந்தால் ஆவி விரியும். பழைய அழுத்தத்தில் ஒரு கிலோ ஆவி நான்கு கன மீட்டர் இடம் பிடிக்கும். புதியதில் ஆறுக்கும் மேல். அதே ஆறாயிரம் கிலோ ஒன்றரை மடங்கு பெருத்துப்போய், அதே அறுநூறு மில்லி வாய் வழியாக வெளியேற வேண்டும். கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்னால் ஒரு தாளின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுப் பார்த்தாள். முன்பு இருபத்து மூன்றரை மீட்டராக இருந்த வேகம் முப்பத்தாறரை என்று வந்தது. திரும்பப் போட்டாள். அதேதான்.

அவளுக்குப் பதற்றம் வரவில்லை. வந்தது ஒரு சலிப்பு. இனி இதை எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ என்கிற சலிப்பு. வேறு யாராவது செய்த தப்பாக இருந்தால் இந்த வருடத்தில் நான் கண்டுபிடித்த நான்காவது தப்பு இது என்று எழுதி அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கட்டத்தில் இருந்தது அவள் கையெழுத்து. இந்த ஒன்றை அவளைத் தவிர யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மனோஜ்குமாரிடம் போய்ச் சொன்னாள். அந்த வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நடத்தும் பொறுப்பு அவனுடையது. அவளைவிடப் பத்து வயது இளையவன், கெட்டவன் இல்லை. ஆனால் தேதி தவறினால் திட்டு வாங்குகிறவன் அவன்தான். கணக்கை வாங்கிப் பார்த்தான். தப்பு யாருடையது என்று அவன் கேட்கவில்லை, அதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"மேடம், டெஸ்ட் முடிஞ்சு பெயிண்ட் அடிச்சாச்சுங்க. வெள்ளிக்கிழமை லாரி வருது. இப்பப் போயி வெசல் மண்டையை அறுக்கணும்னா நான் என்னன்னு சொல்றதுங்க?"

முப்பது என்பது நாமாக வைத்துக்கொண்ட எல்லைதானே, உடனே வெடித்துவிடவா போகிறது, உள்ளே துளிகளைப் பிடிக்கிற கம்பி வலை வேறு இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. வலை துளிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மீதி கொஞ்சம் தப்பிப் போகும். முதல் நாளே எதுவும் தெரியாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, உப்புத் துளிகள் பட்டுப் பட்டுக் கம்ப்ரஸரின் இறக்கைகள் அரிக்கப்பட்டிருக்கும். குளிர்ந்து வரும் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், சாயம் ஒட்டாமல் துணி திட்டுத்திட்டாக வரும். அப்போது யாரும் இந்த வாயை நினைக்க மாட்டார்கள். கம்ப்ரஸர் சரியில்லை என்பார்கள், இல்லாவிட்டால் அங்கே வேலை செய்கிற ஆட்களைத் திட்டுவார்கள். இதை அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். முதலாளியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அன்று வீட்டுக்குப் போனதும் பஷீருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் நிதானமாகக் கேட்டார். தன்னால்தானே இத்தனையும் என்று ஆரம்பித்தார். அதைப் பேச வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள். சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று அவர் கேட்டதற்கு, தெரியவில்லை, அனுப்பமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இனி எதைச் சரிபார்த்துக் கொடுத்தாலும் இன்னொருவர் திறந்து பார்ப்பார் என்றாள்.

"பார்த்துட்டுப் போறாங்க புள்ள," என்றார் பஷீர். "உனக்கும் பாதி வேலை குறையுமல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு, அதுவும் பாதியிலேயே கொட்டாவியாக மாறிவிட்டது.

மறுநாள் காலை முதலாளி லட்சுமணசாமியின் அறைக்குப் போனாள். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் அப்பா காலத்தில் பீளமேட்டில் பஞ்சு மில் இருந்தது. மில் மூடியபின் இவர் வெல்டிங் மெஷின் நான்கை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலை ஆரம்பித்தார். வீட்டில் தெலுங்கும் ஆபீஸில் கோவைத் தமிழும் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். அது சில சமயம் உயர்த்துவதைவிடக் கஷ்டமாக இருக்கும். அவள் கணக்குத் தாளை மேசைமேல் வைத்து, தப்பு தன்னுடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருபத்து மூன்றரைக்கும் முப்பத்தாறரைக்கும் அடியில் ஒவ்வொரு கோடு போட்டார்.

"ஏனுங்க அம்மணி, அப்படியே உட்டுப்போட்டா என்னாகும்?"

மனோஜிடம் சொன்னதையே திரும்பவும் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கட்டாயம் கெட்டுப்போகும் என்று சொல்ல முடியாது, கெட்டுப்போகாது என்று கையெழுத்துப் போடவும் முடியாது என்றாள். எவ்வளவு பெரிதாக்கினால் சரியாகும் என்று கேட்டார். எழுநூறு மில்லி, அப்போது வேகம் இருபத்தேழுக்குக் கொஞ்சம் கீழே வரும், அதனோடு சேர வேண்டிய குழாய் இன்னும் செய்யவில்லை என்பதால் அதையும் அதே அளவில் செய்துகொள்ளலாம் என்றாள். மூன்று வாரம் ஆகும் என்பதையும் அவளே சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியில், திருப்பூர்க்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்வது சரிப்படாது, நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்றார். மனோஜை அனுப்பட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாமுங்க. நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க. கணக்கு உங்களுது."

அவர் சொன்னது தண்டனையா நம்பிக்கையா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயற்சி செய்யும் அளவுக்குத் தெம்பும் இல்லை.

வியாழக்கிழமை திருப்பூருக்குக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா பஷீரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்று நின்று போயிற்று. ஜன்னலில் தலை சாய்த்து, என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். பீளமேடு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். கண்டக்டர் வந்து தட்டி எழுப்பியபோது பழைய பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியாக நின்றிருந்தது.

கழிவுநீர் நிலையத்தை நடத்துகிறவர் சீனிவாசலு. ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைப்பையில் தண்ணீர் சோதிக்கும் மீட்டர். ஊதா நிறத்தில் கழிவுத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளைத் தாண்டி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். டீ வரும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. வெசலின் வாய் சிறியதாகப் போய்விட்டது, நீங்கள் மாற்றி அனுப்பிய அழுத்தத்தை நான் கவனிக்கவில்லை, சரிசெய்ய மூன்று வாரம் தாமதமாகும், அப்படியே வேண்டுமென்றாலும் கொடுக்கலாம், ஆனால் அப்போது முழுக் கொள்ளளவில் ஓட்டக்கூடாது என்று எழுதித்தான் கொடுப்போம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். திட்டுக்குத் தயாராகக் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

சீனிவாசலு தாளை எடுத்துப் பார்த்தார். முக்கால் கொள்ளளவில் ஓட்டினால் வேகம் என்ன வரும் என்று கேட்டார். அவள் மனதிலேயே கணக்குப் பார்த்து, இருபத்தேழரை என்றாள்.

"அப்ப இன்னைக்கு நிலைமைக்கு இதே போதுமுங்க," என்றார் அவர். "ஆர்டர் இல்லீங்க. பன்னெண்டு பட்டறையில ஏழுதான் ஓடுது. பாதித் தண்ணிகூட வரமாட்டீங்குது. முழு லோடு எங்கீங்க ஓட்டறது?"

சரிசெய்ய வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை லாரி போகும், மனோஜ் சிரிப்பான், அவளும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அந்த ஒரு நிமிடம் அப்படியே ஆகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. பிறகு, ஆர்டர் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவளே கேட்டாள். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றும் இருந்தது.

சீனிவாசலு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆர்டர் வந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூட நிறுத்த விடமாட்டார்கள், பன்னிரண்டு முதலாளிகளும் மாறி மாறிப் போன் போடுவார்கள், அப்போது வெசலை நிறுத்தி அறுப்பதெல்லாம் கனவில்தான் நடக்கும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தாமதம் என்று நீங்கள் பயந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், இங்கே கான்கிரீட் மேடையே இன்னும் போடவில்லை என்றார். அதைத் தங்கள் பக்கத்திலிருந்து எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு வாரமாகத் தயங்கிக்கொண்டு இருந்தாராம்.

"நீங்க அறுத்துச் சரி பண்ணிக் கொண்டாங்க அம்மணி. மூணு வாரமில்லீங்க, நாலு வாரமானாலும் நாங் கேக்க மாட்டேன்."

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். அவருக்கும் தூங்கி நாளாயிற்று என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மதுக்கரைப் பட்டறையில் திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. வெசலைப் படுக்கப் போட்டு, மேல் மூடியில் இருந்த அறுநூறு மில்லிக் குழாயைச் சுற்றிலும் அறுத்து எடுத்தார்கள். ஓட்டையை விரித்து, எழுநூறு மில்லிக் குழாயை வைத்து, சுற்றிலும் தடித்த வளையத் தகடு போட்டு வெல்டிங் வைத்தார்கள். வெல்டர் சிக்கந்தர் பட்டறையில் பதினைந்து வருடமாக இருக்கிறவர். தான் வைத்த வெல்டிங்கைத் தானே அறுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. யாருடைய தப்பு என்று கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த ஃபஹீமா, என்னுடையது என்றாள். அவர் கண்ணாடியை மேலே தூக்கி அவளைப் பார்த்தார். உட்காருவதற்கு ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். எக்ஸ்ரே எடுத்ததில் ஒரு இடத்தில் சின்னக் குமிழி தெரிந்தது. அதைக் குடைந்து எடுத்து மறுபடி நிரப்பினார்கள். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை மறுபடியும், பெயிண்ட் மறுபடியும். எல்லாம் முடிய இருபத்து நான்கு நாள் ஆயிற்று.

அத்தனை நாளும் மனோஜ்குமார் வேலை விஷயமாக மட்டும் பேசினான், அதையும் மெயிலில்தான் பேசினான். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. அதைச் சரிசெய்யப் போகும் அளவுக்குத் தெம்பு இல்லாததால் அப்படியே விட்டுவிட்டாள். அவள் நினைத்தபடியே, இனி ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று லட்சுமணசாமி உத்தரவு போட்டார். திருத்தி வரும் தாளில் எந்தக் கட்டம் மாறியிருந்தாலும் அதற்கு மஞ்சள் அடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கடிதம் போனது. பஷீர் சொன்ன மாதிரி வேலை பாதி குறையவில்லை. மற்றவர்களின் கணக்குகளுக்கும் இரண்டாவது ஆளாக அவள் பெயரையே போட்டுவிட்டார்கள்.

தை மாதம் வெசல் திருப்பூரில் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு அவளும் போயிருந்தாள். தடித்த கண்ணாடி வழியாக உள்ளே ஊதாத் தண்ணீர் குமுறுவதைப் பார்த்தாள். சோதனைக்காகத் தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் விட்டு நான்கு மணி நேரம் முழுக் கொள்ளளவில் ஓட்டினார்கள். சீனிவாசலு அரை மணிக்கு ஒரு முறை, குளிர்ந்து வரும் தண்ணீரைப் பிடித்து மீட்டரை விட்டுப் பார்த்தார். உப்பு ஏறவில்லை. பழைய வாயாகவே இருந்திருந்தால் ஏறியிருக்குமா என்று மனோஜ் பின்னாலிருந்து கேட்டான். நான்கு மாதத்தில் அவன் அவளிடம் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. தெரியாது என்றாள். உண்மையிலேயே அது அவளுக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப் போவதுமில்லை. அவன் தலையாட்டினான். திரும்பும்போது காரில் முன் சீட்டில் நீங்கள் உட்காருங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம் என்று சொன்னான்.

அடுத்த நாள் அவள் பத்து நாள் லீவு கேட்டு எழுதினாள். இவ்வளவு நீண்ட லீவு நான்கு வருடத்தில் இதுதான் முதல் முறை. லட்சுமணசாமி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

லீவின் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் போன் அடித்தது. பஷீர் வாக்கரை ஊன்றிக்கொண்டு அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, நான்கு அடிக்கு ஒரு முறை நின்று நின்று நடந்து வந்து போனை எடுத்தார். ஆபீஸிலிருந்து லோகப்பிரியா என்ற பெண், மேடத்திடம் ஒரு சின்ன சந்தேகம் கேட்க வேண்டும் என்றாள்.

"அவ தூங்கறாளுங்க அம்மணி," என்றார் பஷீர். "சாயங்காலமாக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினார். உள்ளே ஃபஹீமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுப்பவில்லை.